தேடுபொறி மாறிய பங்குனி

பொங்கல் விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய காலையில் அந்த மின்னஞ்சல் வந்தது. எங்களுக்குத் தேடுபொறி விற்றிருந்த நிறுவனம் அனுப்பியது. வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் கணினிகளில் அதை ஓட்டுவதற்கு இனி உரிமம் கிடையாது, எல்லோரும் தகவல்களை நிறுவனத்தின் சர்வர்களுக்கே மாற்றிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் உரிமம் மார்ச் கடைசியோடு முடிகிறது என்பதையும் மறக்காமல் நினைவூட்டியிருந்தார்கள்.

நான் அதைப் படித்துவிட்டு எழுந்து, உடன் வேலை செய்த பாயின் மேஜைக்குப் போனேன். அவரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அலுவலகம் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கடைக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. அது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. தென்சென்னையின் சிறிய மருத்துவமனைகள் சில ஒன்றுசேர்ந்து தங்கள் வண்டிகளையெல்லாம் ஒரே தொலைபேசி எண்ணுக்குக் கீழே கொண்டுவந்திருந்தன. ஹெட்போன் மாட்டிய பெண்கள் அழைப்பை எடுப்பார்கள், ஓட்டுநர்களை அனுப்புவார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ள இருந்தது நாங்கள் இருவர்தான், நானும் பாயும். அவர் என்னைவிட மூத்தவர். அவர் குடும்பம் தலைமுறைகளாக ராயப்பேட்டைப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தது. வீட்டில் உருது பேசுவார், எங்களோடு சென்னைத் தமிழ். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான்.

தேடுபொறி நின்றால் எங்கள் வேலையே நின்றுவிடும். அழைப்பவர் பதற்றத்தில் ஏதோ ஒரு தெருவைச் சொல்வார், ஒரு கோயிலைச் சொல்வார். எங்கள் பெண்கள் அதைக் காதில் விழுந்தபடி, பாதி ஆங்கில எழுத்திலும் பாதி தமிழிலும் அடிப்பார்கள். எழுத்துப் பிழையோடு அடித்தாலும் சரியான இடம் திரையில் வந்து நிற்க வேண்டும். அதே பொறிதான் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பகுதியில் அழைப்பு கூடுகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். அந்தத் திரையை ‘போர்டு’ என்போம்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கிய டாக்டர் மயிலாப்பூர்க்காரர். மின்னஞ்சலைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“கூப்பிடறவா எல்லாரும் என்ன வியாதின்னு நம்மகிட்ட சொல்றா. அதையெல்லாம் எந்த ஊர்லயோ இருக்கற மெஷின்ல கொண்டுபோய் வெக்கறதா? இந்த ரூமை விட்டு வெளியில போகாதுன்னு ஆஸ்பத்திரிகளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். முடியாது.”

“அப்ப ஓப்பன் சோர்ஸ்தான் டாக்டர்,” என்றார் பாய். “அதோட நிரல யார் வேணா திறந்து படிக்கலாம், மாத்திக்கலாம், நம்ம மிஷின்லயே ஓட்டிக்கலாம். திடீர்னு ஒருத்தன் மெயில் போட்டு புடுங்கிக்க முடியாது.”

“அது பாட்டுக்கு ஒரு நாள் நின்னுபோச்சுன்னா நான் யாரைக் கூப்பிடறது?”

“எங்களத்தான்.”

“உங்களுக்கும் தெரியலேன்னா?”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “பாத்துச் சொல்லுங்கோ,” என்றார்.

எங்களுக்குள் தகராறு அந்த வாரமே தொடங்கிவிட்டது. பாய்க்குப் பிடித்திருந்தது ஒரு பெரிய பொறி. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்ப்பது. தேடலும் கணக்கும் இரண்டுமே அதற்குள் உண்டு. நாங்கள் பழகிய பொறியின் குணமும் அதில் பாதி இருந்தது. எனக்குப் பிடித்தது ஒரு சிறிய பொறி. பழைய மடிக்கணினியில்கூட ஓடும். விரலை எடுப்பதற்குள் விடை வந்து நிற்கும். எழுத்துப் பிழையை அது பொறுத்துக்கொள்ளும் விதம் எனக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் அதற்குக் கணக்குப் போட வராது. போர்டுக்குத் தனியாக இன்னொரு தரவுத்தளம் வைத்தாக வேண்டும்.

“ரெண்டு வீடு எதுக்கும்மா? எல்லாம் ஒரே வீட்ல இருக்கட்டும்,” என்றார் பாய், சந்து முனை டீக்கடையில்.

“ஒரே வீடுன்னா, அது விழுந்தா எல்லாமே விழுந்துடும் பாய். உங்க பொறி இப்பவே நம்ம மெஷின்ல மூச்சு முட்டுது.”

“மூச்சு முட்டுனா மெமரி வாங்கிப் போடலாம். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு வெச்சா, அவசரத்துல எதை எங்க தேடுவ?”

“அவசரத்துல இடம் கிடைக்கணும். அதுதான் முக்கியம்.”

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். பிறகு இரண்டு நாள் வேலை விஷயம் தவிர அவர் என்னோடு பேசவில்லை. மாலையில் மேற்கு மாம்பலத்துக்கு நடந்தே வீடு திரும்பும்போது அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன்.

எங்கள் சண்டை ஷிப்ட் பொறுப்பிலிருந்த அக்காவுக்கும் எட்டியது. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். அவர் குரல் கேட்டால் ஓட்டுநர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் இருவரையும் நிற்க வைத்தே கேட்டார்.

“இன்னா மேடம், எந்த மிஷினு வெச்சா எனக்கு இன்னா? முத மூணு லைன்ல இடம் வர்ணும். அங்க ஒருத்தரு மூச்சு வாங்கிக்கினு இருப்பாரு. நான் இங்க கீழ கீழ தள்ளிப் பாத்துக்கினு இருக்கணுமா?”

அதையே சோதனையாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். பழைய அழைப்புகளில் எங்கள் பெண்கள் அடித்த சொற்களை மட்டும், அழைத்தவரின் எண்ணும் வியாதியும் இல்லாமல் பிரித்தெடுத்து, இரண்டு பொறிகளிலும் ஓடவிட்டோம். முதல் சில நாட்கள் என்னுடையது முந்தியது. திருவான்மியூரை எத்தனை விதமாக எழுதினாலும் அது கண்டுபிடித்தது. பாயின் பொறி தடுமாறியது. என் முகத்தில் அது தெரிந்திருக்கும்.

பிறகு கொட்டிவாக்கம் வந்தது. ஓர் அழைப்பில் யாரோ அவசரத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘கட்டிவாக்கம்’ என்று அடித்திருந்தார்கள். என் பொறி முதல் வரியில் கத்திவாக்கத்தைக் காட்டியது. கத்திவாக்கம் எண்ணூர்ப் பக்கம், நகரத்தின் வடகோடி. கொட்டிவாக்கம் திருவான்மியூர் தாண்டி, தெற்கே. ஆங்கிலத்தில் அடித்த சொல்லுக்கும் அந்த இரண்டு ஊருக்கும் ஒவ்வோர் எழுத்துத்தான் வித்தியாசம். பொறியைப் பொறுத்தவரை இரண்டும் சமம். சமமான இரண்டில் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துவிட்டது.

திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் என் பின்னால் வந்து நின்றிருந்தார். குத்திக்காட்ட நல்ல சந்தர்ப்பம், ஆனால் அவர் செய்யவில்லை.

“என்னோடதுலயும் இந்தக் கோளாறு வரும்மா,” என்றார். “ஆனா அதுல நம்ம வண்டி ஓடற ஏரியாவுக்கு மதிப்பெண் கூட்டிக் குடுத்து முன்னால கொண்டுவரலாம். உக்காந்து பண்ணணும்.”

உட்கார்ந்து பண்ணினோம். தெருப்பெயர்களுக்கு மக்கள் எழுதும் மாற்று எழுத்துகளை நான் சேர்த்துக்கொண்டே போனேன். பகுதிக்குப் பகுதி மதிப்பெண்களை பாய் மாற்றிப் பார்த்தார். மாசி முடிவதற்குள் அவருடைய பொறி அக்கா கேட்ட மூன்று வரிக்குள் ஏறக்குறைய எல்லா இடங்களையும் கொண்டுவந்தது. மீதமிருந்த தொல்லை ஒன்றுதான். போர்டையும் தேடலையும் ஒன்றாக ஓட்டினால் எங்கள் பழைய கணினியில் அது திணறி நின்றுவிடும்.

டாக்டர் கூப்பிட்டு, “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ,” என்றார்.

“பாயோடது டாக்டர்,” என்று நானே சொன்னேன். “ஆனா புது மெஷின் வேணும். அது வராம மாத்தக் கூடாது.”

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். புதுக் கணினிக்குச் சொல்லிவைத்தோம். மயிலாப்பூர் பங்குனித் திருவிழா முடிந்த திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று நாள் குறித்தோம். அதற்குள் பழைய பொறியின் உரிமம் முடியாது என்பதை இருவரும் தனித்தனியே சரிபார்த்தோம்.

அந்தத் திருவிழாவின் அறுபத்துமூவர் ஊர்வலம் சனிக்கிழமை வந்தது. மாடவீதிகளில் வண்டி போக முடியாது. எங்கள் வண்டிகளில் ஒன்றை லஸ் முனையிலும் ஒன்றை மந்தைவெளியிலும் நிறுத்தியிருந்தோம். அடையாறில் ஒன்று, தேவைப்பட்டால் மயிலாப்பூருக்குள் வர. அந்த வருடம் ரம்ஜான் நோன்பும் பங்குனியும் ஒன்றாக வந்திருந்தன. பாய் நோன்பிலிருந்தார். மதியத்துக்கு மேல் வெயில் ஜன்னல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மயக்கம் போட்டவர்கள், தண்ணீர்ப் பந்தல் அருகே சறுக்கி விழுந்தவர்கள் என்று அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன.

ஊர்வலம் கிளம்பியிருக்கும் நேரம். அறையில் எல்லாத் திரைகளும் ஒன்றாக வெறுமையாயின. பிறகு நடுவில் சிவப்பாக ஒரு வரி வந்தது. உரிமம் செல்லாது என்று.

“மேடம்!” அக்காவின் குரல். “இன்னா மேடம் இது? ஒண்ணுமே வர்ல!”

நெட்வொர்க்காக இருக்கும் என்று ஓடினேன். நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது. பாய் உரிமக் கோப்பைத் திறந்து பார்த்தார்.

“தேதி இன்னும் இருக்கும்மா. நாள் இருக்கு. ஆனா செல்லாதுன்னு சொல்லுது.”

நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அடித்தேன். திங்கட்கிழமை அலுவல் நேரத்தில் தொடர்புகொள்ளும்படி பதிவுசெய்த குரல் ஒன்று மென்மையாகச் சொன்னது. பின்னால் எங்கள் பெண்கள் ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கைபேசியில் கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போர்டு இருண்டு கிடந்தது.

“புதுச ஏத்திடலாம்,” என்றார் பாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. “டேட்டா எல்லாம் ஏத்தி வெச்சிருக்கோம்.”

“இந்தப் பழைய மெஷின்லயா? புதுசு இன்னும் வரல. விழுந்துடும் பாய்.”

“போர்டு வாணாம். கணக்குப் பக்கத்த மொத்தமா நிறுத்திடுவோம். இருக்கற மெமரி பூரா தேடலுக்குக் குடுப்போம்.”

போர்டு இல்லாமல் எந்த வண்டி எங்கே என்று தெரியாது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போர்டு போனா போவுது. வண்டிய நான் பாத்துக்கறேன். எனக்கு இடத்தக் காட்டு மேடம், சீக்கிரம்!”

பாய் கட்டளைகளை அடித்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். அவர் அவசரத்தில் ஒரு சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தார். பொறி எழுந்துகொள்ள எடுத்த நேரத்தில் அறையில் யாரும் என்னைப் பார்க்காமலிருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு ஒரு பெண், “வந்துடுச்சு, மந்தைவெளி காட்டுது!” என்று கத்தினாள்.

மூச்சு விட்டிருப்போம். அதற்குள் அடுத்த அழைப்பு வந்தது, அக்கா எடுத்தார்.

ஒலிபெருக்கியில் போட்டார். வயதான ஆணின் குரல். “என் சம்சாரம் விழுந்துட்டாங்க. வாய் ஒரு பக்கமா இழுக்குதும்மா. பேச வரல.”

“எங்க சார் கீறீங்க? தெரு சொல்லுங்க.”

“பஜனை கோயில் தெரு. சீக்கிரம் வாங்கம்மா, பஜனை கோ…”

துண்டித்துவிட்டது. அக்கா திருப்பி அடித்தார். கைபேசி அணைந்திருந்தது. சார்ஜ் போயிருக்க வேண்டும்.

திரையில் பஜனை கோயில் தெருக்கள் வரிசையாக நின்றன. சைதாப்பேட்டையில் ஒன்று, சூளைமேட்டில் ஒன்று, கொட்டிவாக்கத்தில், திருவான்மியூரில், இன்னும் கீழே. பொறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. இத்தனை இடங்களுக்கும் அதுதான் பெயர்.

“எந்த பஜனை கோயில் தெரு?” அக்கா திரும்பி எங்களைப் பார்த்தார். பக்கவாதத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அழைத்த எண் திரையின் மூலையில் இருந்தது. போர்டுக்காகப் பழைய அழைப்புகளையெல்லாம் இதே பொறிக்குள் ஏற்றியிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப் பகுதியை நிறுத்தியிருந்தாலும் தகவல் உள்ளேதான் இருந்தது. தெருப்பெயர் அடிக்கும் அதே பெட்டியில் எண்ணை அடித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. மழைக்காலத்தில் அதே எண்ணிலிருந்து ஓர் அழைப்பு, முழங்கால் முறிவு. திருவான்மியூர், பஜனை கோயில் தெரு. கதவு எண்ணும் இருந்தது.

“அக்கா, திருவான்மியூர்!”

“அதே வூட்லதான் கீறாருன்னு இன்னா நிச்சயம்?”

“நிச்சயம் இல்லக்கா.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அருகே இருந்தது அடையாறு வண்டிதான். அதை அனுப்பினால் மயிலாப்பூரில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கும் உதவ வேறு வண்டி இல்லை. கைபேசியை எடுத்தார். “அடையார் வண்டி, திருவான்மியூர் போ. பஜனை கோயில் தெரு. நம்பர் சொல்றேன் கேட்டுக்கோ.”

காத்திருந்தோம். பாய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் சைதாப்பேட்டை வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் அங்கே இருந்தால்? போன மழைக்காலத்தில் மகள் வீட்டிலிருந்து பேசியிருந்தால்? வண்டியை நான்தான் தெற்கே அனுப்பச் சொன்னேன்.

ஓட்டுநர் கூப்பிட்டார். பின்னால் சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, இங்க வூடே இல்லக்கா! இடிச்சிட்டு தகரம் அடிச்சி வெச்சிகீறாங்க. புதுசா பிளாட்டு கட்றாங்களாம்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வாட்ச்மேன் எவனாச்சும் இருப்பான். கேளு! முன்ன இங்க இருந்தவங்க எங்க போனாங்கன்னு கேளு. லைன வெக்காத!”

யாரோ யாரிடமோ கேட்கும் சத்தம். ஒரு பெண் குரல். பிறகு ஓட்டுநர் மூச்சிரைக்க ஓடும் சத்தம்.

“இதே தெருதான்கா. கட்டி முடிக்கற வரைக்கும் கோடில வாடகைக்கு இருக்காங்களாம், மாடில. மேல ஒருத்தரு கைய ஆட்டிக்கினு நிக்கறாரு… அவருதான்கா! அவருதான்!”

அக்கா உட்கார்ந்தார். அழவில்லை. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு அடுத்த அழைப்பை எடுத்தார். அது மாடவீதியில் மயக்கம் போட்ட ஒரு பெண்ணுக்கானது.

அதற்குப் பிறகு அந்த மாலை எப்படிப் போனது என்று முழுதாக நினைவில்லை. மயிலாப்பூரில் ஒரு முதியவருக்கு வண்டி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தைத் தாண்டித் தூக்குப்படுக்கையில் லஸ் வரை கொண்டுவந்தார்கள். நல்லவேளை, அது வெறும் வெயில் மயக்கம். பொறி ஒரு தடவை திணறியது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்ப்பதற்குள் தானே நிமிர்ந்துகொண்டது. பாங்கு நேரம் வந்ததும் பாய் மேஜை இழுப்பறையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்தார், தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் பாதி குடித்தார். “நீயும் மத்தியானம் சாப்டல,” என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

அந்தத் திருவான்மியூர் அம்மா பிழைத்தார். வலது கையில் கொஞ்சம் பலவீனம் தங்கிவிட்டதாகவும், பேச்சு மெல்லத் திரும்பிவருவதாகவும் சில வாரம் கழித்து டாக்டர் சொன்னார். அவரைச் சேர்த்த மருத்துவமனையிலிருந்து டாக்டருக்குத் தெரிந்த செய்தி. எங்களில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பழைய நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். தங்கள் பக்கம் நடந்த தவறுதான், உரிமத்தைச் சரிசெய்துவிட்டோம், வேண்டுமானால் இன்னும் சில மாதம் நீட்டித்தும் தருகிறோம் என்றார். நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

“அவன் நல்லவனாவே இருக்கட்டும்,” என்றார் டாக்டர். “சனிக்கிழமை அவன் ஃபோன் எடுக்கலையே. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுண்டிருந்தேள். புதுசே இருக்கட்டும்.”

அது பாராட்டா, இனி எல்லாச் சனிக்கிழமையும் எங்கள் தலையில்தான் என்ற அறிவிப்பா என்று எனக்கும் பாய்க்கும் விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். அதன் பிறகு பல மாதம் நாங்கள் இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்ததில்லை. வீட்டில் கைபேசி மணி அடித்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவேன்.

புதுக் கணினி வந்து, போர்டும் மறுபடி எரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். கோட்டூர்புரம் என்று தமிழில் அடித்தால் பக்கத்துப் பெண்ணுக்கு வருகிறது, தனக்கு வரவில்லை என்றார். இரண்டு திரையிலும் எழுத்து அப்படியே ஒன்றாகத்தான் தெரிந்தது. நானும் பாயும் ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் ‘கோ’ என்ற எழுத்தில் விஷயம் பிடிபட்டது. ஒரு விசைப்பலகை அதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக அனுப்பியது, இன்னொன்று இரண்டாகப் பிரித்து அனுப்பியது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

பழைய பொறியாக இருந்தால் புகார் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்போம். இப்போது நிரல் எங்கள் முன்னால் திறந்து கிடந்தது. பாய் நிரலில் பிழை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார், நான் திருத்தம் எழுதினேன், அதைப் பொதுவில் எல்லோருக்குமாக அனுப்பிவைத்தோம். எந்த நாட்டிலோ இருந்த ஒருவர், பார்க்க ஒன்றாக இருக்கும் எழுத்து எப்படி இரண்டாக முடியும் என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார். பாயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தச் சொல் முதலில் வர வேண்டும் என்று அதற்கும் சண்டை போட்டு, பதில் எழுதினோம். சில நாளில் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அதை எங்கள் கணினியில் ஏற்றிவிட்டு அக்காவை அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தார்.

“ம், வருது,” என்றார். அதற்குள் மணி அடித்தது. கையால் என்னை நகரச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டினார். “சொல்லுங்க, எங்க கீறீங்க?”